யாருடைய ஆண்டு?

வணக்கம். காலி வீதி நெரிசலைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். அரசர் பட்டியலை ஒப்பித்து உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். சிற்றரசர் எப்படி அரசரானார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு கல்வெட்டைப் பார்த்தால் அது யாருடைய ஆட்சியாண்டில், அதாவது எந்த அரசன் பட்டமேறியதிலிருந்து எண்ணிய ஆண்டில், வெட்டப்பட்டது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். சிற்றரசன் கோயிலுக்கு நிலம் கொடுப்பான், விளக்கு வைப்பான். ஆண்டு மட்டும் பேரரசனுடையதாக இருக்கும். அந்த இடத்தில் என்றைக்குத் தன் ஆண்டை வெட்டுகிறானோ, அன்றைக்கு அவன் அரசன்.

வெள்ளவத்தையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். முதலாளி வெளியூரில், சாவியும் கல்லாப்பெட்டியும் கணக்கப்பிள்ளையிடம். சிற்றரசர் கையிலும் வரியும் படையும் இருந்தன. பெண் கொடுத்து எடுத்த உறவும் இருந்தது.

பல்லவருக்கு அடங்கியிருந்த விசயாலயன், 850ஐ ஒட்டி முத்தரையரிடமிருந்து தஞ்சையைப் பிடித்தான். அவன் மகன் ஆதித்தன் திருப்புறம்பியத்தில் பல்லவன் அபராசிதனுக்காகப் பாண்டியனோடு பொருதான். அப்புறம் அதே அபராசிதனின் யானைமேல் பாய்ந்து அவனைக் கொன்றானாம். சொல்வது கன்னியாகுமரிக் கல்வெட்டு. சோழரே பின்னாளில் வெட்டியது, கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். தக்காணத்திலும் இதே கதை. சாளுக்கியருக்குக் கீழிருந்த தந்திதுர்க்கன் அவர்களைச் சாய்த்து இராட்டிரகூடர் ஆட்சியை நிறுவினான். சாளுக்கிய மரபினன் என்று சொல்லிக்கொண்ட தைலபன், இராட்டிரகூடருக்குக் கீழேயே இருந்து, 973இல் அந்தக் கணக்கைத் தீர்த்தான்.

எனக்குப் பிடித்த ஆள் காடவன் கோப்பெருஞ்சிங்கன். சோழருக்கு அடங்கியிருந்தவன், 1231ஐ ஒட்டி மூன்றாம் இராசராசனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்துவிட்டான். சோழனை மீட்கக் கர்நாடகத்துப் போசள மன்னன் நரசிம்மன் இரண்டு தளபதிகளை அனுப்பினான். அவர்கள் எரித்த ஊர்களையும் கொன்ற ஆட்களையும் திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. கொல்லப்பட்டவர்களில் ஒருவன் ‘ஈழத்து ராசா பராக்கிரமபாகு’! ஆனால் அப்போது ஈழத்தில், பொலன்னறுவையில் அரசாண்டவன் மாகன். இந்தப் பராக்கிரமபாகு ஆதரவு தேடிக் கோப்பெருஞ்சிங்கனிடம் போன இளவரசனாக இருக்கலாம். அது என் ஊகம். சோழன் மீண்டான். ஆனால் கோப்பெருஞ்சிங்கன் ஒழியவில்லை. 1243இல் தொடங்கித் தன் சொந்த ஆட்சியாண்டைப் பொறிக்கிறான். சிறைப்பிடித்தபோது கிடைக்காதது, பன்னிரண்டு வருஷம் பொறுத்தபின் கிடைத்தது.

சரி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம். பாண்டியன் குலசேகரனின் ஆளாக ஆரியச்சக்கரவர்த்தி (பின்னாளில் யாழ்ப்பாணத்தை ஆண்ட வம்சத்தின் பட்டப்பெயர் இது) ஒருவர் படையோடு வந்து, சிங்கள அரசரின் தலைநகரான யாப்பகூவாவிலிருந்து புத்தரின் புனிதப் பல்லை எடுத்துப்போய் எசமானிடம் ஒப்படைத்ததாகப் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. எசமானுக்காகச் செய்த வேலை அது. 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் மதுரைக்குள் புகுந்தான். பாண்டியர் வீட்டிலேயே சண்டை. 1344இல் புத்தளத்தில் இறங்கிய மொரோக்கோப் பயணி இபன் பதூதா சந்தித்த ஆரியச்சக்கரவர்த்தி, கப்பலும் முத்தும் உடைய அரசர். யாருக்கும் அடங்கியவராகத் தெரியவில்லை. அந்த வம்சம் அடித்த காசில் பாண்டியன் பெயர் கிடையாது. ஒரு நந்தி, கீழே ‘சேது’ என்ற ஒரே சொல்.