சிவப்பு வரைந்த கடிகாரம்

(மார்த்தாண்டத்தில் ஒரு வாசகசாலையில், தை மாத மாலை ஒன்றில், மூத்தோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பெரியோர்களே, தாய்மார்களே,

'முதுமையில் இயற்கையை ரசித்தல்' என்ற தலைப்பை அனுப்பிய உங்கள் செயலாளர், அதன் கீழே சிறிய எழுத்தில் 'கடல் அனுபவங்களையும் கலந்து பேசவும்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு ஒரு தயக்கம் வந்தது. 1974 முதல் 1999 வரை இருபத்தைந்து ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தேன் என்பது உண்மை. ஆனால் நான் கடலை அதிகம் பார்த்தவன் அல்லன். கப்பலின் வயர்லெஸ் அறையில் காதுகளின் மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மோர்ஸ் தந்தியைக் கேட்பதும் அனுப்புவதுமாக என் காலம் கழிந்தது. கப்பல் சிப்பந்திகள் எங்களை 'மார்க்கோனி சாப்' என்று அழைப்பார்கள். எனவே கடலைக் கேட்டவன் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்ததைச் சொல்வதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் தூத்தூரிலும் வள்ளவிளையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் அறையின் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கும். உலகத்தில் எந்த நாட்டுக் கப்பலுக்குப் போனாலும் வயர்லெஸ் அறைக் கடிகாரம் ஒரே மாதிரிதான். அதன் முகத்தில் பதினைந்தாம் நிமிடம் முதல் பதினெட்டாம் நிமிடம் வரைக்கும், நாற்பத்தைந்து முதல் நாற்பத்தெட்டு வரைக்கும், அப்பத்தைக் கீறி எடுத்த துண்டு போல இரண்டு சிவப்புப் பட்டைகள் தீட்டியிருக்கும். வானொலித் தொலைபேசிக்காகப் பச்சைப் பட்டைகளும் உண்டு. அவை இன்றைக்கு நமக்கு வேண்டாம். நிமிட முள் சிவப்புக்குள் நுழைந்துவிட்டால், 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் உலகத்துக் கப்பல்களும் கரை நிலையங்களும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எவ்வளவு அவசரச் செய்தியானாலும் தந்தி அடிக்கும் சாவியில் கை வைக்கக் கூடாது. ஆபத்தில் இருப்பவன் மட்டும் பேசலாம். எங்கோ மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கும் ஒரு கப்பல், அல்லது அலையில் புரளும் ஓர் உயிர்காப்புப் படகு, மெல்லிய குரலில் அழைத்தால் அது மற்றவர்களின் சந்தடியில் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக, மணிக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம், கடல் முழுவதும் காது கொடுத்தது. அந்தக் கடிகாரம் ஓடுவது கிரீன்விச் நேரத்தில். நம் நாட்டு நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே இருப்பதால் பதினைந்து நாற்பத்தைந்தாகவும், நாற்பத்தைந்து பதினைந்தாகவும் இடம் மாறிக்கொள்ளுமே தவிர, சிவப்பு இருக்கும் இடம் மாறுவதில்லை. இந்தச் சின்ன ஒற்றுமையில் எனக்கு என்றைக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இப்படி ஒரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதை உணர 1912 ஏப்ரல் 14ஆம் தேதி இரவை நினைத்தால் போதும். டைட்டானிக் கப்பலுக்கு அருகில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தது. அதன் வயர்லெஸ்காரர் பனி இருக்கிறது என்று சொல்ல அழைத்தபோது, பயணிகளின் தந்திகளைக் கரைக்கு அனுப்புவதில் மும்முரமாக இருந்த டைட்டானிக் வயர்லெஸ்காரர், 'வாயை மூடு, எனக்கு வேலை இருக்கிறது' என்று திருப்பி அடித்தார். கலிஃபோர்னியன்காரரும் கருவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். சில நிமிடங்களில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அருகில் இருந்த காது உறங்கிப்போயிற்று. தொலைவில் இருந்தவர்களுக்குத்தான் அழைப்பு கேட்டது.

இந்த வரலாற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவனாகிய நானே ஒரு நாள் பிழை செய்தேன். இரண்டாவது பயணம் அது. அரபிக்கடலில் எதிரே போன ஒரு கப்பலில் என்னோடு பயிற்சி பெற்ற நண்பன் இருப்பதை அறிந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். முள் சிவப்புக்குள் நுழைந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு கரை நிலையம் கனத்த குரலில், மௌன நேரம், அனுப்புவதை நிறுத்து என்ற குறியீட்டை அடித்தது. அந்தக் கடற்பரப்பில் காது கொடுத்திருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டிருக்கும். அன்று என் அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். இருந்தும் முகம் சிவந்துவிட்டது. (மோர்ஸ் மொழியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதுவும் குறிலும் நெடிலும்தான். நாம் நெடிலுக்கு இரண்டு மாத்திரை வைத்தோம். மோர்ஸ் மூன்று மாத்திரை வைத்தார். உயிரளபெடை என்று நினைத்துக்கொண்டால் கற்பது எளிது.)

அந்த மூன்று நிமிடத்தில் என்ன கேட்கும் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் அழைப்பு எதுவும் வராது. வானம் கேட்கும். எங்கோ இடிக்கிற இடியின் மின்னல், ஹெட்போனில் எண்ணெய்ச்சட்டியில் கடுகு பொரிவதைப் போலத் தெறிக்கும். மின்னலைக் கண் காண்பதற்கு முன்பே, மேகம் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே, காதுக்குத் தெரிந்துவிடும். பகலில் நூற்றுக்கணக்கான மைலோடு நின்றுவிடுகிற வானொலி அலைகள் இரவில் ஆயிரக்கணக்கான மைல் போகும். ஆகவே இரவுப் பொரியலில் எது அருகில் உள்ள மழை, எது வேறு ஏதோ கண்டத்து மழை என்று பிரித்துப் பழக ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். எங்கள் குறியீட்டு அகராதியில் இதற்குக் கியூ.ஆர்.என். என்று பெயர், இயற்கையால் வரும் இரைச்சல். மற்ற நிலையங்கள் குறுக்கே பேசுவதால் வரும் இடைஞ்சலுக்குக் கியூ.ஆர்.எம். என்று பெயர். இரண்டையும் ஒரே சொல்லால் 'சத்தம்' என்று சொல்லிவிடக் கூடாது என்று, இந்தத் தொழிலை வகுத்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நான் இன்று சொல்ல வந்ததன் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

மீதிப் பாதி என் அப்பாவிடமிருந்து வந்தது. குளச்சலில் கட்டுமரம் இழுத்தவர். இருட்டில் கரை திரும்பும்போது, வெளிச்சம் ஒன்றும் தெரியாத இரவுகளில், அலை உடையும் ஓசையைக் கொண்டே எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார். மணலில் விழுகிற அலை 'பொத்'தென்று விழுந்து, பிறகு நீளமாக உறிஞ்சும். பாறையில் மோதுகிற அலைக்கு அந்த உறிஞ்சல் கிடையாது, அறைந்துவிட்டுச் சிதறும். முட்டத்துப் பாறைகளின் ஓசை வேறு, குளச்சல் துறையின் ஓசை வேறு. 'கண்ணு ஏமாத்தும் மக்களே, காது ஏமாத்தாது' என்பார். பிற்காலத்தில் பல ஆயிரம் ரூபாய்க் கருவிகளை வைத்துக்கொண்டு நான் செய்ததும் அவர் செய்ததும் ஒரே வேலைதான்.

1999 பிப்ரவரி 1ஆம் தேதியோடு செயற்கைக்கோள் வழி ஆபத்து அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மோர்ஸ் தந்திக்கும் எங்களுக்கும் கப்பலில் இடம் இல்லாமல் போயிற்று. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. புதிய முறையால் பிழைத்த உயிர்கள் அதிகம். கரையில் சில ஆண்டுகள் வேறு வேலை பார்த்துவிட்டு, மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் குடியேறினேன். நாகர்கோவில், பார்வதிபுரம் பக்கம், மூன்றாவது மாடி.

முதல் ஓராண்டு எனக்கு நகரத்தின் மீது தீராத கோபம். ஹாரன், ஆழ்துளைக் கிணறு போடும் லாரி, பக்கத்து வீட்டு மிக்சி, திருமண மண்டபத்து ஒலிபெருக்கி என்று எல்லாமே கியூ.ஆர்.எம். இயற்கை வேண்டுமென்றால் பேச்சிப்பாறைக்கோ மணக்குடிக் காயலுக்கோ கார் பிடித்துப் போக வேண்டும், அதற்கு மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒழிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மில் பலருடைய நிலை இதுதான். மூட்டுவலியும் பிள்ளைகளின் வேலை நேரமும் சேர்ந்து நம்முடைய இயற்கையை ஒரு சுற்றுலாத் திட்டமாக மாற்றிவிடுகின்றன.

ஒரு நாள் பேத்தியிடம் அந்தப் பழைய கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் பார்த்தால், சமையலறைச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி மேல், தன் தாயின் நகப்பூச்சை எடுத்து இரண்டு சிவப்புப் பட்டைகள் தீட்டி வைத்திருக்கிறாள். ஒன்று கொஞ்சம் கோணல். மூன்று நிமிடத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடம் வரும். அவளுக்காகத்தான் தொடங்கினேன். காலை 5.45க்குப் பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது. கைபேசி உள்ளே. என் மனைவி பக்கத்து வீட்டுக்காரர்களிடம், 'மார்க்கோனி சாப் டியூட்டியில இருக்காரு, பொறவு வாங்க' என்று சொல்லத் தொடங்கினாள். அவள் கேலியாகத்தான் சொன்னாள். இப்போது அவளே சில நாள் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

முதலில் கேட்டது கரிச்சான். விடியலுக்கு வெகு முன்பே, விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்துக் கம்பியில் இருந்துகொண்டு, யாரோடோ வழக்காடுவது போலப் பேசும். பிறகு குயில், அதற்குப் பிறகு செம்போத்து. ஐப்பசி வாக்கில் ஒரு நாள், பக்கத்து மனையில் காடு பிடித்துக் கிடக்கும் புதருக்குள்ளிருந்து தெளிவான இரட்டைச் சீழ்க்கை ஒன்று வந்தது. ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வந்து சேர்கிற பறவை அது. காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் கூவுவதால் அந்தப் பெயர். இரவெல்லாம் பறந்து களைத்து, நகரத்துக் கட்டடங்களில் மோதி விழுந்து கிடப்பதும் உண்டு. அதை நான் இன்றுவரை கண்ணால் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. கடலில் முகம் தெரியாமல் பத்தாண்டுகள் நட்புக் கொண்டிருந்த வயர்லெஸ்காரர்கள் எனக்கு உண்டு. கை அடிக்கும் லயத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்வோம். இதுவும் அப்படித்தான்.

காற்றும் அப்படியே. பியூஃபோர்ட் அளவுகோல் என்று கடலில் காற்றைப் பூஜ்யம் முதல் பன்னிரண்டு வரை அளப்பார்கள். அதற்குத் தரையில் பயன்படுத்தும் வடிவமும் உண்டு. இலை சலசலத்தால் இரண்டு. புழுதியும் காகிதத் துண்டும் எழுந்தால் நான்கு. கம்பிகள் ஊளையிட்டு, குடை பிடிப்பது சிரமமானால் ஆறு. ஆறாவது எண்ணுக்குத் தந்திக் கம்பியின் ஊளையை அடையாளமாக வைத்தவர் யாரோ தெரியாது, எங்கள் இனத்தவராகத்தான் இருப்பார். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி விரைகிற காற்று எங்கள் பால்கனிக் கொடிக்கயிற்றைச் சில நாள் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இசைக்கும். தென்னங்கீற்று மட்டும் ஏமாற்றும். மழை பெய்வது போலவே ஒலிக்கும். துணியை எடுக்க ஓடினால் வானம் வெறுமையாக இருக்கும்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பாதிப் பேர் காதுக்குப் பின்னால் கருவி வைத்திருக்கிறீர்கள், நானும் வைத்திருக்கிறேன். முதுமையில் செவிப்புலன் எல்லாச் சுருதியிலும் ஒரே சீராகக் குறைவதில்லை. உச்சத்து ஓசைகள்தான் முதலில் போகும். எனக்குத் தேன்சிட்டு போய்விட்டது. சுவர்க்கோழியும் ஏறத்தாழப் போய்விட்டது. பேத்தி 'கேட்கிறதே தாத்தா' என்று காட்டும் திசையில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் செம்போத்தின் அடித்தொண்டைக் குரல் அப்படியே இருக்கிறது, மாடப்புறா இருக்கிறது, இடி இருக்கிறது. இழந்தவற்றுக்கு நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், தேதியோடு. பழைய வயர்லெஸ் நாட்குறிப்பின் பழக்கம் அது: மௌன நேரத்தில் ஒன்றும் கேட்காவிட்டால், ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதி வைக்க வேண்டும்.

இந்தப் பேச்சில் நான் தவிர்த்துவிட நினைத்த ஒரு நாள் உண்டு. இந்த ஊரில் நின்றுகொண்டு அதைத் தவிர்ப்பது சரியாகாது. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். கப்பலை விட்டு வரும்போது நண்பர்கள் தந்த காற்றழுத்தமானி ஒன்று எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. நம் வெப்பமண்டலத்தில் அதன் முள் நாளுக்கு இரு முறை ஏறி இரு முறை இறங்கும். பத்து மணியை ஒட்டி உச்சம், நான்கு மணியை ஒட்டித் தாழ்வு. அந்த ஒழுங்கிலிருந்து மூன்று மில்லிபார் குறைந்தால் புயலைச் சந்தேகி என்பது கடலோடிகளின் பாடம். அன்று காலை பத்து மணிக்கு, உச்சத்தில் நிற்க வேண்டிய முள் அதைவிடக் கீழே கிடந்தது. கொடிக்கயிறு ஊளையிடவில்லை, அறுந்துபோயிற்று. மரங்கள் விழுந்து, மின்சாரம் போய், நகரம் இருண்டு கிடந்தது. காற்று ஓய்ந்த பிறகு பால்கனியில் உட்கார்ந்தேன். ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. நான் இத்தனை ஆண்டுகளாக ஆசைப்பட்ட அமைதி அது. என்னால் மூன்று நிமிடம் உட்கார முடியவில்லை. அந்த நேரத்தில் ஆழ்கடலில் நம் தூத்தூர்க் கரைப் பிள்ளைகள் இருந்தார்கள். படகில் இருந்த வயர்லெஸ்ஸின் குரல் அடிவானத்தைத் தாண்டாது. கரையின் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை, அவர்கள் அழைத்ததும் கரையை எட்டவில்லை. பிறகு செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை பெறும் கருவிகள் படகுகளுக்கு வந்தன. அவை வரும்முன் போனவர்களின் வீட்டார் இந்த அரங்கிலும் இருக்கக்கூடும். அவர்கள் முன் இயற்கை ரசனை என்ற சொல்லை நான் தயங்கித்தான் பயன்படுத்துகிறேன்.

அதற்குப் பிறகு பல மாதம் காலையில் உட்காரவில்லை. மீண்டும் உட்காரத் தொடங்கியதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை, பேத்தி கேட்டாள். ஆனால் அன்று முதல் மாலை 5.45க்கும் உட்காருகிறேன். கடலில் மௌன நேரத்தை யாரும் ரசனைக்காக வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது. வானத்துப் பொரியலும் பறவையும் காற்றும், வேறொன்றுக்காகக் காது கொடுத்திருந்தபோது கூடவே வந்து சேர்ந்தவை.

மழை பெய்து ஓய்ந்து, மின்சாரமும் இல்லாத ஆனி மாத இரவுகளில், தென்மேற்கிலிருந்து ஒரு தொடர்ந்த முழக்கம் எங்கள் மாடிக்குக் கேட்கிறது. கடல் என்கிறேன் நான். நெடுஞ்சாலை லாரி என்கிறாள் மனைவி. இந்த வழக்கு ஏழெட்டு ஆண்டுகளாக நடக்கிறது. உறிஞ்சல் இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் தீர்ந்துவிடும். அந்த நுட்பத்துக்கு என் காது இப்போது போதவில்லை.

செயலாளர் கையைக் கடிகாரத்தின் பக்கம் காட்டுகிறார். எனக்கும் தெரிகிறது, 5.43. இந்த வாசகசாலைக்குப் பின்னால் பலாமரமும், அதன் அடியில் வெட்டாமல் விட்ட புதரும் இருப்பதை வரும்போதே பார்த்து வைத்தேன். தை மாதத்தில் ஆறுமணிக்குருவி இன்னும் நம் பக்கம்தான் இருக்கும். ஒலிபெருக்கிக்காரத் தம்பி அதை நிறுத்திவிடட்டும். காதில் கருவி வைத்திருப்பவர்கள் ஒலியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். சன்னல் பக்கம் இருப்பவர்கள் அந்தக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். மின்விசிறியையும் நிறுத்தினால் நல்லது.