ஒரு டன் குண்டும் கால் டன் குண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

இஸ்ரேல் - பாலஸ்தீனப் போர் என்றாலே யார் முதலில் தொடங்கினார்கள் என்பதில்தான் நம் பேச்சு சிக்கிக்கொள்கிறது. பதிலடி கொடுப்பவர் எதுவரை போகலாம் என்று கேட்பது குறைவு. அதை இஸ்ரேலுக்குள்ளேயே சிலர் துணிந்து கேட்டார்கள்.

2002 ஜூலை 22, இரவு. காசா நகரில் தராஜ் என்ற பகுதி; சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அங்கே ஹமாஸ் ஆயுதப் பிரிவின் தலைவர் சலா ஷெஹாதே இருந்தார். பல தாக்குதல்களுக்காக இஸ்ரேல் வலைவீசித் தேடிய ஆள். எஃப்-16 விமானம் ஒரு டன் குண்டைப் போட்டது. அவர் செத்தார். அவர் மனைவியும் மகளும் செத்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்தவர்களும் செத்தார்கள். அதில் பலர் குழந்தைகள்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 6. ஷேக் அகமது யாசின் உட்பட ஹமாஸ் தலைவர்கள் காசாவில் ஒரே வீட்டில் கூடியிருந்தார்கள். தராஜில் நடந்தது மறுபடி நடக்கக் கூடாதென்று இந்த முறை கால் டன் குண்டு. அது மேல்மாடியைத்தான் உடைத்தது. தலைவர்கள் இருந்தது கீழ்த்தளத்தில், தப்பிவிட்டார்கள். மூன்றே நாளில், செப்டம்பர் 9 அன்று, ஜெருசலேமில் ஒரு காபிக்கடையில் தற்கொலைக் குண்டு வெடித்தது. மறுநாள் கல்யாணம் நடக்கவிருந்த ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் அங்கே இறந்துபோனார்கள்.

பெரிய குண்டாகப் போட்டிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாளா? எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவள் வீட்டார் அப்படிக் கேட்டால் அதை அலட்சியப்படுத்த எனக்கு மனம் வராது. பொறுமைக்கும் விலை உண்டு. அது தெரிந்தும் கால் டன் குண்டே சரி என்கிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தை ஷெஹாதேயின் குற்றத்தில் பங்காளி இல்லை.

அதே செப்டம்பரில் இஸ்ரேல் விமானப்படையைச் சேர்ந்த 27 விமானிகள், பொதுமக்கள் நடுவே இத்தகைய தாக்குதலுக்குப் போகமாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். 1981இல் ஈராக் அணு உலையைத் தாக்கப் பறந்த யிஃப்தா ஸ்பெக்டரும் அவர்களில் ஒருவர். அவரைக் கோழை என்று யார் சொல்ல முடியும்?

2006 டிசம்பரில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இப்படி ஆளைக் குறிவைத்துக் கொல்வதை அது அடியோடு தடுக்கவில்லை. கண்ணை மூடி அனுமதிக்கவும் இல்லை. கிடைக்கும் ராணுவப் பலனை மீறிப் பொதுமக்கள் சாகக் கூடாது, தாக்கிய பிறகு சுதந்திரமான விசாரணை வேண்டும் என்றது. தராஜ் தாக்குதலை விசாரித்த குழு, பொதுமக்களுக்கு நேர்ந்த சேதம் அளவுக்கு மீறியது என்று 2011இல் ஒப்புக்கொண்டது. ஆனால் உளவுத் தகவலில் வந்த பிழை என்று சொல்லி, யார் மீதும் வழக்குப் போடப் பரிந்துரைக்கவில்லை.

2023 அக்டோபர் 7இல் ஹமாஸும் அதன் கூட்டாளிகளும் சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள். 251 பேரைப் பிடித்துப்போனார்கள். அந்தக் கொடுமைக்கு எந்த நியாயமும் கிடையாது. பிறகு 2024 ஜூலை 13. பாதுகாப்பான இடம் என்று இஸ்ரேலே கைகாட்டிய காசாவின் அல்-மவாசியில், முகமது தெய்ஃப் என்ற ஹமாஸ் தளபதியைக் குறிவைத்து இஸ்ரேலின் குண்டுகள் விழுந்தன. தெய்ஃப் கொல்லப்பட்டார். குறைந்தது 90 பேர் இறந்ததாகக் காசா சுகாதார அமைச்சகம் சொன்னது.

தராஜ் விசாரணை முடிய ஒன்பது ஆண்டு ஆனது. அல்-மவாசிக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது. விசாரிப்பவர்கள் ராணுவத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். எத்தனை பேர் சாவார்கள் என்று முன்கூட்டிக் கணக்குப் போட்டார்களா, போட்டிருந்தால் அதற்குச் சம்மதித்தவர் யார் என்பதை அவர்கள் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

நன்றி, வணக்கம்.