ரெண்டு தலையணை உறை அனுப்பினோம், ஒன்றுதான் திரும்பி வந்தது: கிளைம் ஏன் நிற்கவில்லை?

வணக்கமுங்க. சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மிணி கேள்வி அனுப்பியிருக்கிறார். வாசித்துவிடுகிறேன்: "அண்ணா, நாங்கள் டபுள் பெட்ஷீட் ஒன்றும் தலையணை உறை இரண்டும் செட்டாக ஆன்லைனில் விற்கிறோம். ரிட்டர்ன் வரும் செட்டில் அடிக்கடி ஒரு உறை குறைகிறது. ஒரு பார்சலில் எங்கள் பெட்ஷீட்டே இல்லை, யாரோ போர்த்திய பழையதை மடித்து அனுப்பியிருக்கிறார்கள். விற்பனைத் தளத்திடம் நஷ்டஈடு கேட்டுக் கிளைம் போட்டால் ஆதாரம் போதாது என்று தள்ளிவிட்டார்கள். பேசாமல் ரிட்டர்னே கிடையாது என்று போட்டுவிடட்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். போட முடியாதுங்க. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இல் வந்தன. பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தாலோ விற்றவர் திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்லக்கூடாது. அதனால் ரிட்டர்ன் வரத்தான் செய்யும். வரும் ரிட்டர்னில் நம் காசு போகாமல் பார்ப்பதுதான் நம் வேலை.

உங்கள் கிளைம் ஏன் தள்ளுபடியானது என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு உங்கள் குடோனும் தெரியாது, உங்களையும் தெரியாது. நீங்கள் ஏற்றிய படம்தான் அவருக்கு எல்லாம். தரையில் ஒரு பழைய பெட்ஷீட் கிடக்கிற படத்தைப் பார்த்து, இது இந்த ஆர்டரின் பார்சலுக்குள்ளிருந்துதான் வந்தது என்று அவர் எப்படி முடிவு செய்வார்? லேபிள், பிரிக்காத பார்சல், உள்ளே இருந்த பொருள் மூன்றும் வெட்டு இல்லாத ஒரே வீடியோவில் இருந்தாக வேண்டும்.

போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டிவிடுங்கள். ரிட்டர்ன் ட்ராக்கிங் நம்பர் படிக்கிற அளவுக்கு லேபிளைக் கிட்டத்தில் காட்டுங்கள். பார்சலை எல்லாப் பக்கமும் திருப்பி டேப்பைக் காட்டி, தராசில் வைத்து எடை தெரிய ஒரு நொடி நிறுத்துங்கள். அப்புறம் கத்தி வையுங்கள். பெட்ஷீட்டை முழுசாக விரித்து, உறையை எண்ணி, காலிக் கவரைத் தலைகீழாக உதறிக் காட்டுங்கள். இந்த உதறல் முக்கியம். அது இல்லையென்றால், இன்னொரு உறை கவருக்குள்ளேயே இருந்திருக்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது எங்கே தெரியுமா? முதலில் பிரித்துப் பார்த்து, உள்ளே வில்லங்கம் என்று தெரிந்த பிறகுதான் கேமராவைத் தேடுகிறார்கள்.

சாயங்காலம் பிக்கப் எடுக்க வருகிற பையன்தான் ரிட்டர்ன் மூட்டையையும் இறக்குவான். ஓடிபி சொல்லுங்க, கையெழுத்துப் போடுங்க என்று அவசரப்படுத்துவான். அவனுக்கும் பத்து இடம் போக வேண்டும், பாவம். ஆனால் எத்தனை பார்சல் என்று எண்ணாமல் ஓடிபி சொல்லாதீர்கள். கவர் கிழிந்திருந்தாலோ வேறு டேப் ஒட்டியிருந்தாலோ அவன் முன்னாலேயே படம் எடுத்து, கையெழுத்துப் போடுகிற இடத்தில் 'கவர் கிழிந்துள்ளது' என்று எழுதிவிடுங்கள். கிளைம் போட ஒவ்வொரு தளமும் ஒரு கெடு வைத்திருக்கிறது. அது தளத்தில் உங்கள் விற்பனைக் கணக்கின் பக்கத்தில், அதாவது பேனலில் இருக்கும். வந்த மூட்டையை அன்றைக்கே பிரித்தால்தான் கெடுவுக்குள் நிற்க முடியும்.

ஆனால் பாதி வேலை அனுப்பும்போதே இருக்கிறது. ஹெம் மடிப்பின் ஓரத்தில் லாட் நம்பர் (ஒரே தடவையில் சாயம் போட்ட சரக்குக்கு வைக்கும் எண்) போட்ட சின்னத் துணி லேபிளை வைத்துத் தைத்துவிடுங்கள். அதே நம்பர் இரண்டு உறையிலும் இருக்கட்டும். நூலில் தொங்கும் டேக்கைக் கழற்றி வேறு பெட்ஷீட்டில் மாட்டிவிடலாம், தைத்ததை அப்படிச் செய்வது கஷ்டம். பேக் செய்ததும் லேபிளோடு எடையும் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். கோயம்புத்தூரில் டேபிள் டாப் கிரைண்டர் விற்பவர்களுக்கும் இதேதான். மோட்டாரின் சீரியல் நம்பரைப் படம் எடுத்து, அடித்தட்டு ஸ்க்ரூ தலையில் ஒரு பொட்டு பெயிண்ட் வையுங்கள். ஸ்க்ரூவைத் திருகினால் பெயிண்ட் உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று அம்மிணி, எல்லாரையும் திருடராக நினைத்துவிடாதீர்கள். ஒரே டிசைனில் திரும்பத் திரும்ப உறை குறைகிறதென்றால் முதலில் உங்கள் பேக்கிங் மேஜையைப் பாருங்கள். உறையைப் பெட்ஷீட் மடிப்புக்குள் சொருகி அனுப்பினால், அது இருப்பதே தெரியாமல் பிரிக்கும்போது ஒன்று கட்டிலுக்கடியில் விழுந்திருக்கும். இரண்டையும் தனிக் கவரில் போட்டு, மேலே 'பெட்ஷீட் 1, உறை 2' என்று எழுதுங்கள். லிஸ்டிங்கில் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று கேட்கிற இடத்தையும் சரிபாருங்கள். அங்கே வெறும் 'பெட்ஷீட்' என்று போட்டிருந்தால், வீட்டு வாசலில் ரிட்டர்ன் எடுப்பவர் உறையைக் கேட்கவே மாட்டார். கிளைமிலும் அதையே நமக்கு எதிராகக் காட்டுவார்கள்.

கிளைம் எழுதும்போது காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். உறை குறைந்தால் 'பாகம் குறைவு', பழையது வந்தால் 'வேறு பொருள்'. மாற்றிப் போட்டால் அங்கேயே போச்சு. வாடிக்கையாளர் திருப்பியதா, கொடுக்கவே முடியாமல் கூரியர் திருப்பிக் கொண்டுவந்த ஆர்டிஓவா (ரிட்டர்ன் டு ஒரிஜின்) என்பதையும் பாருங்கள். ஆர்டிஓ பார்சலில் சரக்கு குறைந்தால் வாடிக்கையாளரைக் குறை சொல்லி எழுதக் கூடாது, கூரியர் கையில் இருந்தபோது குறைந்தது என்றுதான் எழுத வேண்டும். அமேசானில் ஈஸி ஷிப்பிலோ சொந்தமாகவோ அனுப்பியதற்கு சேஃப்-டி கிளைம் என்று தனியாக இருக்கிறது. எங்கே போட்டாலும் புலம்பல் வேண்டாம்: "அனுப்பியது பெட்ஷீட் 1, உறை 2, லாட் நம்பர் இது. வந்தது பெட்ஷீட் 1, உறை 1. பிரித்த வீடியோ இணைப்பில்." அவ்வளவு போதும். கோபத்தில் வாடிக்கையாளருக்குப் போன் போட்டுத் திட்டிவிடாதீர்கள். அது உங்கள் கணக்கையே முடக்கிவிடும்.

ஒரு உறை மட்டும் குறைந்த செட்டை என்ன செய்வது? வேறு லாட் உறையைச் சேர்த்து அனுப்பாதீர்கள். சாயம் லாட்டுக்கு லாட் ஒரு நூல் மாறும், வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும், அந்தச் செட்டும் ரிட்டர்ன் வரும். ஒவ்வொரு லாட்டிலும் சில உறைகள் கூடுதலாகத் தைத்து வைத்துக்கொண்டால் செட் சேர்த்துவிடலாம். ஆனால் போர்த்தியதோ துவைத்த வாசனை அடிப்பதோ வந்தால், அதைப் புதிது என்று விற்காதீர்கள். செகண்ட்ஸில், அதாவது குறைவிலைச் சரக்கில் தள்ளிவிடுங்கள்.

கணக்கு விஷயம், சுருக்கமாக. ரிட்டர்ன் ஆனதற்குக் கிரெடிட் நோட், அதாவது விற்ற பில்லின் தொகையைக் குறைக்கும் சீட்டு போட வேண்டும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அதற்கு முன்பே ஆண்டு ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்தால் அதற்குள், ஜிஎஸ்டியில் காட்டிவிடுங்கள். நம் விற்பனைத் தொகையிலிருந்து தளம் பிடித்துக் கட்டும் ஜிஎஸ்டி வரியான டிசிஎஸ் 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம். ரிட்டர்னைக் கழித்த தொகைக்குத்தான் பிடிக்க வேண்டும், ஒத்துப் பாருங்கள். பொருள் திரும்பி வராமலே தொலைந்தது என்றால், அதற்கு எடுத்த இன்புட் கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரிக்குக் கழித்துக்கொண்டதை) திருப்ப வேண்டியிருக்கும். ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தள்ளுபடியான அந்தக் கிளைமைப் பேனலில் மறுபடி திறக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால், அந்த டிசைனின் லிஸ்டிங் படத்தையும் வந்த பெட்ஷீட்டின் ஓரத் தையலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றைச் சேருங்கள். நெசவும் தையலும் வேறு என்பது அதில் தெரிய வேண்டும். அடுத்த கேள்வி பெருந்துறையிலிருந்து, கூரியர் எடையைக் கூட்டிப் போடுவது பற்றி. அதற்கு வருவோம்.