நடுக்கடலில் இரவு உறக்கம்: நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

"இரண்டு பேர் மட்டும் சிறிய பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடக்கும்போது, இரவில் நங்கூரம் போட்டுவிட்டு உறங்குவார்களா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். நங்கூரம் போட வழியே இல்லை. அது மண்ணைப் பற்றி நிற்க, நீரின் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு நீளத்துக்காவது சங்கிலியையோ கயிற்றையோ விட வேண்டும். பெருங்கடலின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 3,700 மீட்டர். ஆகவே படகு இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க, அதில் இருப்பவர்கள் மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாற்றிக்கொண்டு உறங்குகிறார்கள்.

காவலில் இருப்பவர் சுக்கானைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. படகின் பின்புறத்தில் பொருத்திய காற்றுத்தகட்டுக் கருவி, மின்சாரம் ஏதுமின்றி, காற்று வீசும் கோணத்தைக் கொண்டே படகைச் செலுத்தும். காற்று திசை மாறினால் படகும் கூடவே திரும்பிவிடும் என்பதால், திசைகாட்டியை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய முதன்மையான வேலை கப்பல்களைக் கவனிப்பது. பெரிய கப்பலின் உச்சி விளக்கு குறைந்தது 6 கடல் மைல் தொலைவுக்குத் தெரிய வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தடுப்பு விதி. அந்தக் கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் நேரெதிரே வர, நம் படகு 6 நாட் வேகத்தில் சென்றால், விளக்கு கண்ணில் பட்டதிலிருந்து நமக்குக் கிடைப்பது 14 நிமிடத்துக்கும் குறைவு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து பார்த்தால் போதும் என்று பலர் சொல்வதை நான் ஏற்காதது இதனால்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவானத்தை முழுச்சுற்றாகப் பார்ப்பதே சரி. ஏஐஎஸ் என்னும் தானியங்கி அடையாளக் கருவி, அதே கருவி உள்ள கப்பல்களின் பெயரையும் போக்கையும் திரையில் காட்டும் என்றாலும், எல்லா மீன்பிடிப் படகுகளிலும் அது இருப்பதில்லை. (தனி ஆளாகச் செல்பவர்கள் உறங்கும்போது, எந்நேரமும் கண்காணிப்பு வேண்டும் என்ற அதே விதிகளின் ஐந்தாம் விதியை மீறியே செல்கிறார்கள்.)

முதல் மூன்று, நான்கு இரவுகளில் உறக்கம் சரியாக வராது. பிறகு உடல் பழகிவிடும். தன் முறை முடிந்தவர் பேசிக்கொண்டிராமல் உடனே படுக்க வேண்டும். காவலில் இருப்பவரும், பாதுகாப்பு வாரைப் படகோடு பிணைக்காமல் மேல்தளத்துக்கு வரக் கூடாது. பாயைச் சரிசெய்ய முன்பக்கம் போக நேர்ந்தால், உறங்குபவரை எழுப்பிவிட்டே போக வேண்டும்.