ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்

நேயர்களுக்கு வணக்கம். பேனா, காகிதம் எதுவும் தேடவேண்டாம். மனக்கணக்கே போதும்.

தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வருவது 230 வோல்ட் மின்னழுத்தம். அதில் பாய்வது 10 ஆம்பியர் மின்னோட்டம். 230ஐ 10ஆல் வகுத்தால் 23. ஹீட்டரின் மின்தடை 23 ஓம். அதே இரண்டு எண்களையும் பெருக்கினால் 2300. அது மின்திறன், 2300 வாட். மறுபடியும் சொல்கிறேன்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் திறன். அவ்வளவுதான் சூத்திரம்.

சூத்திரத்தை எல்லோரும் ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு எண்களையும் ஒரே சமயத்தில், கருவி வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளக்கவேண்டும் என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வருஷக்கணக்காக நான் பேசிவருவது இதைத்தான்.

இதற்காகப் பெரும்பாடு பட்டவர் ஜார்ஜ் சைமன் ஓம். ஜெர்மனியின் எர்லாங்கன் ஊர்க்காரர், பூட்டு செய்யும் தொழிலாளியின் மகன். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். அன்றைக்கு வோல்ட்மீட்டரும் கிடையாது, ஆம்பியர்மீட்டரும் கிடையாது. வோல்ட், ஆம்பியர் என்ற அலகுகளே கிடையாது. பாரிஸ் மாநாட்டில் அவை ஏற்கப்பட்டது 1881இல்தான். அதற்குள் ஓம் இறந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

அவர் என்ன செய்தார் என்றால், ஒரு காந்த ஊசியைக் கம்பியில் தொங்கவிட்டார். மின்னோட்டம் பாய்ந்தால் ஊசி திரும்பும். அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மேல்கம்பியை எவ்வளவு முறுக்கவேண்டியிருக்கிறது என்று பார்ப்பார். அதுதான் அவருடைய மீட்டர்! சரி, மீட்டர் ஆயிற்று. மின்சாரத்துக்கு என்ன வழி? அந்தக் காலத்து வோல்டா மின்கல அடுக்கைத்தான் முதலில் வைத்துக்கொண்டார். அது ஒரு நிலையில் நிற்காது. இணைத்ததும் வேகமாகத் தரும், கொஞ்ச நேரத்தில் சோர்ந்துபோகும். தடையைச் சோதிக்க எடுத்த கம்பிகளில் ஒன்றை அளந்து முடித்து அடுத்ததை மாட்டுவதற்குள் அழுத்தமே வேறாகிவிடும். ஊசி மாறியது கம்பியாலா, கலத்தாலா? பிரித்துச் சொல்ல வழியில்லை. 1825இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரமும் சரியாக அமையவில்லை.

அப்போது போகென்டார்ஃப் என்ற பத்திரிகை ஆசிரியர், வெப்ப மின்னிரட்டையை வைத்துப் பாருங்களேன் என்று யோசனை சொன்னார். பிஸ்மத், செம்பு என்ற இரண்டு உலோகங்கள் சேரும் இரண்டு முனைகள். முனைகளின் சூடு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். ஒன்று கொதிக்கும் நீரில், மற்றது உருகும் பனிக்கட்டியில். நீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை ஒரு முனையின் வெப்பநிலை மாறாது, பனி தீரும்வரை மற்றதும் மாறாது. அதனால் மின்னழுத்தமும் மாறாது. இத்தனூண்டு அழுத்தம்தான், ஆனால் ஒரே நிலையில் நிற்கும். அதை வைத்துத்தான், நாம் முதலில் போட்ட வகுத்தல் கணக்கின் விதி பிடிபட்டது. 1827இல் புத்தகமாக வந்தது. சொந்த நாட்டில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை என்பது வேறு கதை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்ளி பதக்கம் கொடுத்தது.

இப்போது நம் கைக்கு வருவோம். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு மல்டிமீட்டரால் தடையைப் பாருங்கள். 70 ஓமை ஒட்டிக் காட்டும். 230 வோல்ட்டை 70ஆல் வகுத்தால் மூன்று ஆம்பியருக்கு மேல், அதை 230ஆல் பெருக்கினால் எழுநூறு வாட்டுக்கு மேல். அறுபது வாட் பல்பு எழுநூறு வாட்டா? மீட்டர் பொய் சொல்லவில்லை. அது அளந்தது ஆறிக்கிடக்கும் இழையை. எரியும்போது டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2500 டிகிரிக்குச் சூடேறுகிறது. தடை 880 ஓம் அளவுக்கு உயர்ந்துவிடும். அப்போது ஓடுவது கால் ஆம்பியர்தான், திறன் சரியாக அறுபது வாட். சுவிட்சைப் போட்ட அந்தக் கணம் மட்டும் பெரிய ஓட்டம் பாய்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் போட்டவுடனே ஃப்யூஸாவது அதனால்தான்.

ஹீட்டர் அப்படியில்லை. அதன் நிக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பி சூடேறினாலும் தடை பெரிதாக மாறாது. அதனால் இன்னொரு கணக்கு. அழுத்தம் பத்து சதவீதம் குறைந்து 207 வோல்ட் ஆனால் ஓட்டமும் 9 ஆம்பியராகக் குறைகிறது. பெருக்குங்கள்: 1863 வாட். அழுத்தம் குறைந்தது பத்து, திறன் குறைந்தது பத்தொன்பது சதவீதம். தண்ணீர் கொதிக்க நேரமாகிறதே என்று ஹீட்டரைத் திட்டாதீர்கள்.

அதே ஹீட்டரின் ப்ளக் தளர்ந்து, தொடுமிடத்தில் அரை ஓம் தடை புகுந்துவிட்டது என்று வையுங்கள். பத்து ஆம்பியர் அதைக் கடக்க ஐந்து வோல்ட் செலவு. ஐந்தைப் பத்தால் பெருக்கினால் ஐம்பது வாட். நகக்கண் அளவு இடத்தில் ஒரு சால்டரிங் அயர்னின் சூடு! ப்ளக் கருகி நிறம் மாறியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். மெயின் கரண்டில் மட்டும் நீங்களாக மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டாம், எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

மோட்டார் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: மாறுமின்னோட்டத்தில் ஓடும் மோட்டாருக்கு வெறும் பெருக்கல் போதாது, திறன் காரணி என்ற, ஒன்றைத் தாண்டாத ஓர் எண்ணாலும் பெருக்கவேண்டும். 230 வோல்ட், 5 ஆம்பியர், காரணி 0.8 என்றால் 1150 அல்ல, 920 வாட். வகுத்துக் கிடைப்பதும் அங்கே வெறும் தடையாக இருக்காது, அதற்கு மின்மறுப்பு, அதாவது இம்பிடன்ஸ் என்று பெயர். அது ஏன் என்பதற்கு இன்னொரு பதினைந்து நிமிடம் வேண்டும். வணக்கம்.