பேஸ்மேக்கர் வைத்த இடத்தில் நீர் கசிந்தால் மாத்திரை போதுமா?

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு நாலு வருடத்துக்கு முன்னால் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் சின்னப் பெட்டி, அதிலிருந்து வயர் இதயத்துக்குப் போகும்) வைத்தார்களாம். இப்போது அந்த இடத்தில் தோல் சிவந்து, மெலிந்து பளபளக்கிறது. குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்து நீர் கசிகிறது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தால் காய்கிறது, நிறுத்தினால் மறுபடி கசிகிறது. "காய்ச்சல்கூட இல்லை சார். பெட்டியை எடுத்தே ஆகணுமா? எடுத்தால் இதயம் நின்றுவிடுமோ என்று அப்பா பயப்படுகிறார்" என்கிறார்.

தம்பி, தயவு செய்து மாத்திரையிலேயே நாளைத் தள்ளாதீர்கள். தோலில் ஓட்டை விழுந்தால் பெட்டி வரை கிருமி போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைதான். லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மின் உள்பக்கம் வழவழவென்று படியுமே, அந்த மாதிரி பெட்டி மேலும் வயர் மேலும் ஒரு படலம் கட்டி, அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். மருந்தால் அந்தப் படலத்தை ஒழிக்க முடியாது. காய்ந்து காய்ந்து திரும்புவது அதனால்தான். வயரோ ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள்ளேயே போகிறது. கிருமி அதைப் பிடித்துக்கொண்டு வால்வு வரை போனால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் இல்லாததை நம்பாதீர்கள். வயதானவர்களுக்கு வெறும் அசதியாகவும் இருக்கலாம்.

ஆமாம், பெட்டி, வயர் இரண்டையும் முழுசாக எடுக்கத்தான் வேண்டும். நாலு வருட வயர் ரத்தக்குழாயோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் வந்துவிடாது. அதற்கான கருவியும், பழகிய டாக்டரும், அவசரத்துக்கு இதய அறுவை சிகிச்சைக் குழுவும் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். பேஸ்மேக்கர் வைத்த இடத்துக்கோ, ஸ்டான்லி ஆஸ்பத்திரி இதயப் பிரிவுக்கோ அந்த பேஸ்மேக்கர் கார்டோடு இந்த வாரமே போங்கள். குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு.

நீங்களாக இன்னொரு கோர்ஸ் மாத்திரை ஆரம்பிக்க வேண்டாம். முதலில் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, எடுக்கட்டும். மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி அந்தச் சோதனையில் சிக்காமல் போகலாம். இதுவரை கொடுத்த மாத்திரை அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்புறம், சீழ் எடுக்கிறேன் என்று யாரையும் அங்கே ஊசி குத்த விடாதீர்கள். புதுக் கிருமி உள்ளே போக அதுவே வழியாகிவிடும்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: பேஸ்மேக்கர் இல்லாமல் அவர் இதயம் தாக்குப்பிடிக்காது என்றால், ரத்தக்குழாய் வழியாகத் தற்காலிக வயர் போட்டு, வெளியிலிருந்து துடிப்பு கொடுத்துக்கொண்டேதான் எடுப்பார்கள். ரத்தத்தில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகு, தேவைப்பட்டால் புதுசை மறுபக்கம் வைப்பார்கள்.