பங்குப் பட்டியல் தொலையாமல்: கோப்பை எழுத, நகர்த்த, கொப்பி எடுக்க மூன்று பங்ஷன்கள்

[திரையில்: இரணைமடுக் குளம், துருசு, கீழே வயல். பிறகு மேசையில் ஒரு லப்டொப்.]

வணக்கம். சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைப்பார்கள். குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். பிறகு கமக்கார அமைப்புகள் பங்கு பிரிக்க வேண்டும். யாருக்கு, எந்த வாய்க்காலில், எத்தனை ஏக்கர் என்று ஒரு பட்டியல் வரும்.

அந்தப் பட்டியலை வைத்திருக்கப் பைதன் என்ற நிரல்மொழியில் ஒரு சின்னச் செய்நிரல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயர் பங்கு.சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு. அதைத் திறந்து திருத்தி எழுத வேண்டும், பென் டிரைவுக்கு அனுப்ப வேண்டும், பழையதை ஒரு கோப்புறைக்கு நகர்த்த வேண்டும். மூன்றும் ஒவ்வொரு வரி வேலைதான். ஆனால் அந்த ஒரு வரி ஓடும்போது கரண்ட் போனால் கையில் என்ன மிஞ்சும்? இந்த வீடியோ முழுக்க அந்தக் கேள்விதான்.

[திரையில்: ஓப்பன், கோப்பின் பெயர், "டபிள்யூ" மோட்.]

முதலில் எழுதுவது. எல்லோரும் எழுதும் வரி இது. ஓப்பன் என்று போட்டு "டபிள்யூ" மோட், அதாவது எழுதும் முறை, கொடுக்கிறோம். இதில் பலர் கவனிக்காத விஷயம், கோப்பு காலியாவது நீங்கள் எழுதும்போது அல்ல, திறக்கும்போதே. முதல் எழுத்து போவதற்கு முன்பே பழைய பட்டியல் பூச்சியம் பைட் ஆகிவிடும்.

கரண்ட் போக வேண்டும் என்றுகூட இல்லை. விண்டோஸில் எழுத்துமுறை எது என்று சொல்லாமல் கோப்பைத் திறந்தால், பைதன் பெரும்பாலும் அந்தக் கணினியின் பழைய மேற்கத்தைய எழுத்துத் தொகுதியை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் எழுத்து ஒன்றுமே கிடையாது. முதல் கமக்காரரின் பெயரை எழுதப் போகும்போதே பிழை காட்டி நின்றுவிடும். நின்றால் பரவாயில்லை, கோப்பு ஏற்கெனவே காலியாகிவிட்டதே! புதிய பட்டியலும் இல்லை, பழையதும் இல்லை.

ஆகவே என்கோடிங் என்ற இடத்தில் யூ.ரி.எப்-8 என்று எப்போதும் வெளிப்படையாகக் கொடுங்கள். பைதன் 3.15 இலிருந்து அதுவே இயல்பான தெரிவாகும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் அமைப்பின் லப்டொப்பில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது வேறு கதை. பட்டியலை எக்ஸெலில் திறப்பவர்கள் இருந்தால் "யூ.ரி.எப்-8-சிக்" என்று கொடுப்பது நல்லது. கோப்பின் தொடக்கத்தில் அது வைக்கும் மூன்று பைட் அடையாளத்தைப் பார்த்து எக்ஸெல் தமிழைச் சரியாகக் காட்டும். சிஎஸ்வி மொடியூலோடு எழுதும்போது நியூலைன் என்ற இடத்தை வெற்று மேற்கோளாக விடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸில் வரிக்கு வரி ஒரு வெற்று வரி முளைக்கும்.

[திரையில்: ஒரே கோப்புறையில் இரண்டு கோப்புகள். பங்கு.சிஎஸ்வி, பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பு.]

இனி காலியாகும் பிரச்சினை. புது வாய்க்காலை வெட்டி முடிக்கும் வரைக்கும் பழைய வாய்க்காலை யாரும் அடைக்க மாட்டார்கள். இங்கேயும் அதே ஒழுங்குதான். பங்கு.சிஎஸ்வியைத் தொடாமல், பக்கத்தில் வேறு பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து முழுப் பட்டியலையும் அதில் எழுதுகிறோம். எழுதி முடிந்த பிறகு ஓ.எஸ். மொடியூலின் ரீப்ளேஸ் பங்ஷனால் அதற்குப் பங்கு.சிஎஸ்வி என்ற பெயரைக் கொடுக்கிறோம். லினக்ஸில் இந்தப் பெயர்மாற்றம் ஒரே அடியில் நடக்கும். அந்தப் பெயரில் திறப்பவருக்குப் பழைய பட்டியல் முழுதாகவோ புதிய பட்டியல் முழுதாகவோதான் தெரியும், இடைப்பட்ட நிலை தெரியாது.

இதே மொடியூலில் ரீநேம் என்றும் ஒன்று இருக்கிறது. அதை இதற்கு எடுக்காதீர்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் லினக்ஸில் சத்தமில்லாமல் மேலெழுதும், விண்டோஸில் பிழை காட்டும். ரீப்ளேஸ் இரண்டிலும் ஒரே மாதிரி. ஒன்றைத் தவிர: விண்டோஸில் யாராவது அந்தப் பட்டியலை எக்ஸெலில் திறந்து வைத்திருந்தால் அனுமதி இல்லை என்று பிழை வரும். அது நல்லதுதான். "எக்ஸெலை மூடிவிட்டு மறுபடி சேமியுங்கள்" என்று தமிழில் ஒரு செய்தி காட்டினால் போதும்.

தற்காலிகக் கோப்பு அதே கோப்புறையிலேயே இருக்க வேண்டும். டெம்ப்பைல் மொடியூலை அப்படியே விட்டால் கணினியின் பொதுத் தற்காலிக இடத்துக்குப் போகும். அது வேறு டிஸ்க் பகுதியாக இருந்தால் ரீப்ளேஸ் வேலை செய்யாது.

எழுதி முடிந்தது என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரைட் என்று அழைத்தவுடன் எழுத்துகள் டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் பைதனின் சொந்த இடைநினைவகம், அப்புறம் இயங்குதளத்தின் நினைவகம், கடைசியில்தான் டிஸ்க். பிளஷ் முதல் கட்டத்தைக் காலியாக்கும். எப்சிங்க் இரண்டாவதை டிஸ்க்குக்குத் தள்ளும். பெயர் மாற்றுவதற்கு முன் இரண்டையும் இந்த ஒழுங்கில் அழையுங்கள். நேரம் கொஞ்சம் பிடிக்கும். சில நூறு வரிப் பட்டியலுக்கு அது ஒரு பொருட்டல்ல.

[திரையில்: லப்டொப்பிலிருந்து பென் டிரைவுக்கு ஒரு அம்புக்குறி.]

நகர்த்துவதற்கு ஷுடில் மொடியூலில் மூவ் என்று ஒரு பங்ஷன் இருக்கிறது. பார்க்க ஒரு வேலை போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு வேலை. ஒரே டிஸ்க்குக்குள் என்றால் பெயர் மட்டும் மாறும், தரவு அசையாது. ஒரு ஜிகாபைட் வீடியோவும் நொடியில் நகர்வது அதனால்தான். பென் டிரைவுக்கு என்றால் அப்படி முடியாது. கொப்பி எடுத்துவிட்டு மூலத்தை அழிக்கும்.

கொப்பி எடுக்கும்போது பென் டிரைவைப் பிடுங்கினால் மூலம் தப்பும், அந்தப் பக்கம் அரைகுறைக் கோப்பு ஒன்று கிடக்கும். பயப்பட வேண்டியது அதற்கு அடுத்த நிமிடத்துக்கு. கொப்பி முடிந்துவிட்டது என்று இயங்குதளம் சொல்லும், ஆனால் தரவு இன்னும் நினைவகத்தில் நிற்கும். மூவ் மூலத்தை அழித்துவிடும். அப்போது யாராவது "போன் சார்ஜ் போடணும்" என்று பென் டிரைவை இழுத்தால் இரண்டு பக்கமும் போச்சு. விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பிலிருந்து, விரைவாகக் கழற்றும் முறையே இயல்பாக இருப்பதால் அங்கே ஆபத்துக் குறைவு. லினக்ஸில் அந்த நம்பிக்கை வேண்டாம்.

ஆகவே நமது நகர்த்தும் பங்ஷன் இப்படிப் போகட்டும். பென் டிரைவில் தற்காலிகப் பெயரில் கொப்பி, எப்சிங்க், இரண்டு கோப்பின் அளவையும் ஷா-256 கூட்டையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஓர் எண்) ஒப்பிடுதல், சரியான பெயர், கடைசியாக மூலத்தை அழித்தல். ஒப்பிடுவதை மட்டும் நம்பி எப்சிங்கை விட்டுவிடாதீர்கள். ஒப்பிட வாசிப்பது பென் டிரைவை அல்ல, நினைவகத்தில் நிற்கும் பிரதியையாக இருக்கலாம்.

[திரையில்: கொப்பிபைல், கொப்பி, கொப்பி2.]

கொப்பி எடுப்பதில் சொல்ல அதிகம் இல்லை. கொப்பிபைல் உள்ளடக்கத்தை மட்டும் எடுக்கும், கொப்பி அனுமதிகளையும் சேர்க்கும், கொப்பி2 கடைசியாகத் திருத்திய நேரத்தையும் கொண்டுபோக முயலும். எது புதிய பட்டியல் என்று திகதியைப் பார்த்து முடிவெடுக்கும் அமைப்புக்கு கொப்பி2 தான். மூன்றுமே அந்தப் பெயரில் இருக்கும் கோப்பைக் கேட்காமல் மேலெழுதும். பென் டிரைவ் பாட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால் திருத்திய நேரம் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் பதியும். நேரங்களை ஒப்பிடும்போது இரண்டு நொடி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள்.

[திரையில்: கறுப்புத் திரை, ஓடும் செய்நிரல் இடையில் நிற்கிறது.]

எழுதும் பங்ஷனைச் சோதிக்க பிளக்கைப் பிடுங்கத் தேவையில்லை. ரீப்ளேஸுக்கு முந்திய வரியில் செய்நிரலை அப்படியே கொல்லும் ஒரு வரியைப் போட்டு ஓட்டுங்கள். பங்கு.சிஎஸ்வியைத் திறந்தால் பழைய பட்டியல் முழுதாக இருக்க வேண்டும். செய்நிரல் சாவதை மட்டுமே இது காட்டும். கரண்ட் போவதற்கு எப்சிங்க் தான் காவல்.

பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பு அநாதையாகக் கிடக்கும். அடுத்த முறை செய்நிரல் தொடங்கும்போது, வேறு யாரும் அதே கோப்புறையில் எழுதிக்கொண்டிருக்கவில்லை என்றால், அதை அழித்துவிடலாம்.